வக்கீல் பீஸுக்குக் கடன் வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "பெண் வழக்கறிஞர்களும் நம் பெண்களும்". சேமிப்பு, கடன், தொழில் என்று பேசுகிற மேடையில் கோர்ட்டைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்ம குழுக்கள் எதற்கெல்லாம் கடன் கொடுக்குது? ஆடு, மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் "குடும்பச் செலவு" என்றும் சில கடன் இருக்கும். அதில் என்ன குடும்பச் செலவு என்று நாம் கேட்பதில்லை. சிலது கல்யாணச் செலவு, சிலது சாவுச் செலவு. இன்னும் சிலது, யாருக்கும் சொல்லாமல் மகளுக்காகவோ தங்கச்சிக்காகவோ வக்கீலுக்குக் கட்டுகிற பீஸ்.

அந்தக் கடன் யாருக்கும் தேவையில்லை என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். ஒரு பெண்ணுக்கோ ஒரு குழந்தைக்கோ கேஸ் நடத்த வக்கீல் வேண்டுமென்றால், அந்த வக்கீலைக் காசு வாங்காமல் கொடுக்கணும் என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கு. தர்மமாக இல்லை, உரிமையாக. ரேஷன் கடையில் நம்ம கார்டுக்கு அரிசி எப்படியோ, அப்படி.

இது தானாக வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் பெண்கள் இருக்காங்க. அவர்களில் ஒருவரை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும்.

அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில், மந்தைவெளியிலிருந்து வரும் வழியில் ஒரு ரோட்டுக்கு துர்காபாய் தேஷ்முக் சாலை என்று பேர். நம்ம ஊர் அக்காமார்கள் நிறைய பேர் வீட்டு வேலைக்கு அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறார்கள். அந்த ரோட்டில் ஆந்திர மகிள சபா என்று பெரிய நிறுவனம், ஆஸ்பத்திரியோடு இருக்கு. அதை 1937-ல் மயிலாப்பூர்ப் பக்கம் தொடங்கியவர் அந்த துர்காபாய் அம்மாதான்.

அவர் 1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். 8 வயதில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்தக் கல்யாணத்தை ஏற்கமாட்டேன் என்று விலகினார். இன்றைக்கே ஒரு பெண் அப்படிச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். அவர் சொன்னது நூறு வருஷத்துக்கு முன்னால். சுதந்திரப் போராட்டத்தில் 1930-க்கும் 1933-க்கும் நடுவில் மூன்று முறை சிறைக்குப் போனார். சிறையில் கொலைக் குற்றத்துக்காக அடைத்து வைத்திருந்த பெண்களைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாததாலேயே தண்டனை வாங்கினவர்களும் அதில் இருந்தார்கள். இந்தப் பெண்களுக்காகக் காசு வாங்காமல் வாதாட நான் சட்டம் படிக்கணும் என்று அங்கேதான் முடிவு செய்தார்.

அப்போது அவர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. வெளியே வந்து தனியாகப் படித்து காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதினார். பிறகு பி.ஏ., எம்.ஏ., அப்புறம் சென்னையில் சட்டம். 1942-ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாக நின்றார். தான் படித்தால் மட்டும் போதாது என்று மயிலாப்பூர்ப் பெண்களைக் கூட்டி வைத்து அதே மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார் செய்தார். நம்ம அரசியல் சாசனத்தை எழுதிய சபையில் உறுப்பினராக இருந்தார். குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட் வேணும் என்று 1953-லேயே நேரு வரைக்கும் போய்ப் பேசினார். குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1981-லேயே காலமாகிவிட்டார்.

அவருக்கு முன்னாலும் பெண்கள் உண்டு. பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். சென்னை ராஜதானியில் முதலில் கறுப்பு அங்கி போட்ட பெண் ஆனந்தா பாய், 1929-ல். அவருக்குப் பின்னால் வந்த வரிசையில்தான் சுதா ராமலிங்கம், கீதா ராமசேஷன், அஜிதா, சாந்தகுமாரி மாதிரி, பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் சென்னைக் கோர்ட்டுகளில் பல வருஷமாக வழக்காடியவர்கள் இருக்காங்க. மும்பையில் ஃபிளேவியா ஆக்னஸ் என்று ஒரு அம்மா. கல்யாண வாழ்க்கையில் வருஷக்கணக்காக அடி வாங்கி, அதிலிருந்து வெளியே வந்த பிறகுதான் சட்டம் படித்தார். "மஜ்லிஸ்" என்ற அமைப்பைத் தொடங்கி, அடிபடுகிற பெண்களுக்குப் பெண் வக்கீல்களைக் கொண்டே வழக்கு நடத்துகிறார்.

இலவச வக்கீல் என்பது உரிமையான கதையிலும் ஒரு பெண் வக்கீல் உண்டு. கபிலா ஹிங்கோரானி என்று பேர். பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் வருஷக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்தது. அதில் பெண்களும் இருந்தார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு இவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979-ல் அந்த வழக்கில், வசதியில்லாதவருக்கு இலவச வக்கீல் கொடுக்காமல் நடத்துகிற விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். பிறகு 1987-ல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9-ம் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கு.

அந்தச் சட்டத்தில் 12-வது பிரிவை மட்டும் நம்ம எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கணும். யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி என்று அதில் வரிசையாக இருக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் என்று போகிற வரிசையில் "பெண் அல்லது குழந்தை" என்று இருக்கு. ஏழைப் பெண் என்று இல்லை, கணவன் கைவிட்ட பெண் என்றும் இல்லை. பெண் என்றால் போதும். அதனால் வருமானச் சான்றிதழுக்காக நாம் தாலுகா ஆபீசில் நிற்க வேண்டியதில்லை.

இனி எங்க குழுவில் நடந்ததைச் சொல்றேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்துத்தான் சொல்றேன், ஆனால் பேர் சொல்ல மாட்டேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா ராஜா அண்ணாமலைபுரத்தில் ரெண்டு வீட்டில் சமையல் வேலை செய்றாங்க. மகளை மந்தைவெளியில் கட்டிக் கொடுத்திருந்தாங்க. மருமகன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பொண்ணு தி.நகரில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ் வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. குடி, அடி எல்லாம் கல்யாணமான ரெண்டாவது வருஷத்திலேயே ஆரம்பம். ஒருநாள் ராத்திரி குழந்தையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. "இது எங்க அம்மா பேர்ல இருக்கிற வீடு, உனக்கு இங்கே என்ன உரிமை" என்று ஒரே பேச்சு.

அந்த அக்கா யாரையோ பிடித்து ஒரு வக்கீலைப் பார்த்தாங்க. முன்பணம் 30,000 ரூபாய், அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா தனி என்று கேட்டிருக்கார். அந்த 30,000-ஐத்தான் குழுவில் உள்கடனாகக் கேட்டாங்க. கூட்டத்தில் ரெண்டு பேச்சு. "வீட்டு விஷயத்தை கோர்ட்டுக்குக் கொண்டுபோனா அந்தப் பொண்ணு திரும்பி வாழ முடியுமா?" என்று ஒரு பெரியம்மா கேட்டாங்க. "கடனைக் கொடுத்தா தவணை யார் கட்டுவா?" என்று இன்னொருத்தர். ரெண்டுமே தப்பான கேள்வி இல்லை.

நம்ம ஊராட்சியில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமில் 15100 என்று ஒரு நம்பர் கொடுத்திருந்தாங்க. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச நம்பர். என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். "ஒரு வாரம் பொறுங்க, கேட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லி அந்தக் கடனைத் தள்ளி வைத்தோம். போன் பண்ணினேன். பொண்ணு சென்னையில் இருப்பதால் சென்னை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க என்றார்கள். ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கு. விடியல் பயண பஸ்ஸில் அடையாறு, அங்கிருந்து பாரிமுனை. எங்க மூணு பேருக்கும் டிக்கெட் செலவே இல்லை.

அங்கே போனால் ஒரு மனு. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே அவர்கள் எழுதிக்கொள்ளணும், அதுவும் விதியில் இருக்கு. ஆதார் நகல் கொடுத்தோம். பெண் வக்கீல் வேணும் என்று கேட்டோம். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற வக்கீலுக்கு ஆணைக்குழுதான் பீஸ் கொடுக்கும். நம்மிடம் ஒரு ரூபாய்கூட அவர் வாங்கக்கூடாது. கோர்ட் கட்டணம், நகல் செலவு எல்லாமே அதில் அடங்கும்.

முதல் நாள் அந்த வக்கீலம்மா பொண்ணுகிட்ட கேட்டது இதுதான்: "உனக்கு என்னம்மா வேணும்? அவனை ஜெயில்ல போடணுமா? வீட்டுக்குள்ள போகணுமா? பிள்ளைக்குச் செலவுக்குப் பணம் வேணுமா? பிரிஞ்சு போகணுமா? ஒவ்வொண்ணுக்கும் கதவு வேற." பொண்ணு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அடி நிக்கணும், தங்க இடம் வேணும், பிள்ளை ஸ்கூல் மாறக்கூடாது" என்று மூணு விஷயம் சொல்லிச்சு. அதை அப்படியே எழுதிக்கொண்டு, இதுக்கு குடும்ப வன்முறைச் சட்டம்தான் சரியான கதவு என்றார்.

அந்தச் சட்டம் 2005-ல் போட்டது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறை. போலீஸ் கேஸ் போட்டுத்தான் அதற்குப் போகணும் என்று இல்லை. நேராக மாஜிஸ்திரேட்டுக்கு மனு போடலாம். கலெக்டர் ஆபீசில் சமூகநலத் துறையின் கீழ் இருக்கிற பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போகலாம், அவர் நடந்ததை விசாரித்து அறிக்கை கொடுப்பார். அடிக்கக்கூடாது என்று ஒரு உத்தரவு, வீட்டைவிட்டு விரட்டக்கூடாது என்று ஒரு உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தை யாரிடம் இருக்கணும், நடந்த கொடுமைக்கு நஷ்டஈடு, இத்தனையும் ஒரே மனுவில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரைக்கும் சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். கணவன் ஊரில்தான் மனு போடணும் என்றும் இல்லை. அந்தப் பெண் இப்போது தங்கியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட பெண்களுக்கு இது பெரிய உதவி.

மாமியார் பேரில் இருக்கிற வீடு என்கிற பேச்சுக்கும் பதில் இருந்தது. கல்யாணமாகி அந்தப் பெண் சேர்ந்து குடித்தனம் நடத்திய வீடு, மாமனார் மாமியார் பேரிலேயே இருந்தாலும், அங்கே தங்குகிற உரிமையை அவள் கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் ராத்திரியில் கழுத்தைப் பிடித்துத் தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

பிறகு காகிதம். "அடிச்சாங்கன்னு சொன்னா போதாதும்மா, எப்போ, எங்கே, யார் பார்த்தாங்க" என்று தேதி தேதியாகக் கேட்டார். பொண்ணுக்குத் தேதி ஞாபகமில்லை. "அது தீபாவளிக்கு முந்தின வாரம்", "அது பிள்ளைக்கு அம்மை போட்டப்போ" என்று சொல்லச் சொல்ல, காலண்டரை வைத்துக்கொண்டு தேதி கண்டுபிடித்தார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு ஒன்று பழைய பையில் கிடைத்தது. போனில் அவன் அனுப்பிய குரல் பதிவு ரெண்டு. ஸ்டேஷனில் மனு கொடுத்தப்போ வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பில். மந்தைவெளி முகவரி போட்ட ஆதார். ஒரு பழைய துணிக்கடைப் பைக்குள் அடங்குகிற இந்தக் காகிதங்கள்தான் கேஸே.

கோர்ட்டில் அவன், எனக்கு வருமானமே இல்லை, அவள்தான் சம்பாதிக்கிறாள் என்றான். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பில், ஜீவனாம்சம் கேட்கிற வழக்கில் ரெண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கணும் என்று சொல்லியிருக்கு. அதைச் சொல்லி வக்கீலம்மா கேட்டதும், கார் கம்பெனியிலிருந்து வங்கிக்கு வருகிற பணம் வெளியே வந்தது. பொண்டாட்டி கடையில் நின்று சம்பாதிப்பதால் அப்பனுக்குப் பிள்ளைச் செலவு இல்லாமல் போய்விடுமா?

மனு போட்ட ஏழாவது மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. அடிக்கக்கூடாது, அந்த வீட்டில் ஒரு அறையைப் பொண்ணுக்கும் பிள்ளைக்கும் விடணும், மாதம் 6,000 ரூபாய் கொடுக்கணும். சட்டத்தில் 60 நாளில் முடிக்க முயற்சி செய்யணும் என்று இருக்கு. நடப்பில் அப்படி முடிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்றேன். ஏழு மாதத்தில் பதினோரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பொண்ணுக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. ரெண்டு மாதம் பணம் கொடுத்தவன் மூணாவது மாதம் நிறுத்திட்டான். அதற்கு மறுபடி மனு. கேஸ் இன்னும் முடியவில்லை. ஆனால் குழந்தை அதே ஸ்கூலில் படிக்குது. பொண்ணு அதே கடையில் வேலை பார்க்குது. அந்த அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கு, சாவி பொண்ணு கையில். "திரும்பி வாழ முடியுமா" என்று கேட்ட பெரியம்மாவே போன மாதம், "இப்பதான் அவ வாழறா" என்று சொன்னாங்க.

அந்த வக்கீலம்மாவிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்லணும். குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பொண்ணு பேச ஆரம்பித்தால், குழந்தையைக் கீழே கூட்டிப் போய் ஏதாவது வாங்கிக் கொடுங்க என்று என்னை அனுப்பிவிடுவார். "அம்மா அடிவாங்கின கதையைப் பிள்ளை காதால திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது" என்பார்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் பேசணும், ஆனால் பேசாமல் விட முடியாது. குழந்தைகளிடம் தப்பாக நடப்பவர்களுக்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் இருக்கு. ஆண் குழந்தைக்கும் அது பொருந்தும். அப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், மறைப்பது குற்றம். ஊர்ப் பஞ்சாயத்து வைத்துப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை அது. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம். வீட்டுக்கோ குழந்தை விரும்புகிற இடத்துக்கோ, கூடியவரை பெண் எஸ்.ஐ., யூனிபார்ம் இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்கணும். ராத்திரியில் எந்தக் காரணத்துக்கும் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. குழந்தையின் பேர், படம், ஸ்கூல் எதுவும் வெளியே வரக்கூடாது, நம்ம வாட்ஸ்அப் குரூப்பிலும்தான். கோர்ட்டில் அரசு வக்கீல் இருப்பார். அவரோடு, குழந்தையின் குடும்பம் தங்களுக்கென்று ஒரு வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுக்கணும் என்று அந்தச் சட்டத்திலேயே 40-வது பிரிவு இருக்கு. பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

வக்கீல் மட்டும் இருந்தால் போதாது, தங்க இடமும் வேணும். இதை அந்தக் காலத்துப் பெண்களே புரிந்து வைத்திருந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக 1930-களின் தொடக்கத்தில் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாறில் இன்றைக்கும் இருக்கு. தி.நகரில் 1949-ல் தொடங்கிய பால மந்திர் இருக்கு. இன்று அரசுக்கே ஒருங்கிணைந்த சேவை மையம் என்று இருக்கு. அடிபட்டு வருகிற பெண்ணுக்கு வைத்தியம், போலீஸ் உதவி, சட்ட உதவி, கொஞ்ச நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ரெண்டும் ராத்திரியிலும் எடுப்பார்கள்.

எல்லா வக்கீலும் ஒரே மாதிரி இருப்பார்களா என்று கேட்பீங்க. இருக்க மாட்டார்கள். காசு வாங்காத கேஸ்தானே என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் ஆணைக்குழுவிலேயே சொல்லி வேற வக்கீல் கேட்கலாம். காசு கேட்டால் புகார் கொடுக்கலாம். பாதியில் மனசு விட்டுப் போய், இலவசம் என்றால் இப்படித்தான் என்று திரும்பி வந்துடக்கூடாது. நம்ம குழு ஆள் ஒருத்தர் கூடப் போக வேண்டியது இதற்காகத்தான். தனியாகப் போகிற பெண்ணை "நாளைக்கு வாம்மா" என்று சொல்லி அனுப்புவது சுலபம். ரெண்டு பேராகப் போய், நோட்டில் தேதி எழுதிக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் அவ்வளவு சுலபம் இல்லை.

இந்தக் கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை நாலு. தீர்மானமாகப் போடணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, உறுப்பினர் யாராவது வக்கீல் பீஸுக்குக் கடன் கேட்டால், கடன் கொடுப்பதற்கு முன்னால் அவரை 15100-க்குப் பேச வைக்கணும், ஆணைக்குழுவுக்கு ஒரு தடவையாவது கூட்டிப் போகணும். அதுக்கப்புறமும் சொந்த வக்கீல்தான் வேணும் என்று அவர் சொன்னால் அது அவர் விருப்பம்.

ரெண்டு, ஒவ்வொரு குழுவும் உறுப்பினர்களுக்கு ஒரு கவர் போட்டுக் கொடுக்கணும். கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அதில் இருக்கணும். சண்டை நடக்கிற ராத்திரியில் யாரும் காகிதம் தேட முடியாது. விரும்புகிறவர்கள் அந்தக் கவரைக் குழுவிடமே கொடுத்து வைக்கட்டும்.

மூணு, வாய்தாவுக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது. பெரிய நஷ்டமே அதுதான். கூட்டமைப்பு நிதியிலிருந்து, திருப்பிக் கேட்காமல், ஒரு வாய்தாவுக்கு 300 ரூபாய் கொடுக்க முடியுமா என்று யோசிக்கணும். வக்கீலுக்குக் கொடுக்கவிருந்த 30,000-த்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

நாலு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலர் என்று ஒரு பொறுப்பு இருக்கு. பயிற்சி கொடுத்து அடையாள அட்டை கொடுப்பார்கள். ஊருக்கும் ஆணைக்குழுவுக்கும் நடுவில் பாலம் மாதிரி வேலை. 2009-ல் வந்த திட்டம். அதற்கு சட்டப் படிப்பு தேவையில்லை. பத்தாவது படித்தவர்களுக்கு முன்னுரிமை. யார் யாரைச் சேர்க்கலாம் என்கிற வரிசையில் சுய உதவிக் குழுப் பெண்களும் இருக்காங்க. நானும் பத்தாவதுதான், இந்த வருஷம் மனு கொடுத்திருக்கேன். இந்தக் கூட்டத்தில் பத்தாவது முடித்தவர்கள் குறைந்தது ஐம்பது பேராவது இருப்பீங்க. ஒரு ஊராட்சிக்கு ரெண்டு பேர் மனு கொடுத்தால் போதும்.

வக்கீலம்மாக்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாரிமுனையிலும் இருக்காங்க. சட்டமும் இருக்கு, பீஸும் இல்லை. ஆனால் மந்தைவெளியில் ஒரு ராத்திரி வெளியே தள்ளப்பட்ட பொண்ணுக்கு அந்த மாடிப்படி எங்கே இருக்கு என்று காட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நாமதான். கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் மேஜையில் வைத்திருக்கிற சீட்டில் 15100, 181, 1098 மூணும் அச்சடித்திருக்கு. ஆளுக்கு ஒன்று எடுத்துட்டுப் போங்க. ஒன்றைப் பாஸ்புக்கில் வையுங்க. இன்னொன்று எடுத்து, இன்றைக்கு வராத ஒருத்தருக்குக் கொடுங்க.